பள்ளிக் கழிப்பறைக் கதவு ஏன் உப்பிப் போகிறது?

உங்கள் பிள்ளை பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கழிப்பறைக்கு ஓடுகிறதா? அப்படியானால் காலை ஏழரை மணியிலிருந்து மதியம் ஒன்றரை மணி வரை அது சிறுநீரை அடக்கி வைத்திருக்கலாம். ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

ஒரு குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்குக் குழந்தை மருத்துவர்கள் எளிய வாய்ப்பாடு ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்: வயதோடு ஒன்றைக் கூட்டி, 30ஆல் பெருக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு 8 × 30 = 240 மில்லிலிட்டர். ஒரு குவளைத் தண்ணீர் அளவுதான். ஆறு மணி நேரத்தை இந்தக் குவளைக்குள் சமாளிக்கப் பிள்ளை கண்டுபிடிக்கும் வழி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. கொடுத்தனுப்பிய போத்தல் அப்படியே திரும்பி வரும். குறைவாகக் குடித்து, நீண்ட நேரம் அடக்கி வைக்கும் பழக்கம் சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் வழி திறக்கிறது.

ஏன் பள்ளியில் போகவில்லை என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். தாழ்ப்பாள் விழாது, கதவின் அடிப்பக்கம் இற்றுப் போய்விட்டது, நாற்றம் தாங்கவில்லை. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று பதிலாக வரும். மூன்றுமே கழிப்பறைத் தடுப்பு எந்தப் பொருளால் செய்யப்பட்டது, எப்படிப் பொருத்தப்பட்டது என்பதோடு நேரடித் தொடர்புள்ளவை.

நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கெடாவில் மட்டும் 50க்கும் மேல். சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பாலிங் வட்டாரங்களில் இருக்கும் இப்பள்ளிகளில் பல, தோட்டங்களில் பிறந்தவை. பகுதி உதவி பெறும் பள்ளியாக இருந்தால் கட்டடச் செலவின் ஒரு பங்கு பள்ளி வாரியத்தின் தலையிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தலையிலும் விழும். 2023இல் நாடு முழுவதும் பள்ளிக் கழிப்பறைகளைச் சீர்ப்படுத்தக் கல்வி அமைச்சு தனிக் கவனம் செலுத்தியது. பணம் அரசிடமிருந்து வந்தாலும் சரி, அன்னதான உண்டியலிலிருந்து வந்தாலும் சரி, ஒரு நாள் யாரோ ஒருவர் குத்தகையாளர் நீட்டும் வண்ண அட்டையைப் பார்த்து "இதைப் போடுங்கள்" என்று கை காட்ட வேண்டியிருக்கும். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். தண்ணீர் அந்த ஓரத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது.

செருப்பில்லாத கால்கள்

தோட்டப்புறத்தில் கழிப்பறை என்பது தொடக்கத்திலிருந்தே உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது. அதற்குக் காரணம் ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள கொக்கிப்புழு. நோயுள்ளவரின் மலத்தோடு முட்டைகள் மண்ணில் விழுகின்றன. ஈரமும் நிழலும் இருந்தால் ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் மனிதத் தோலைத் துளைக்கும் பருவத்தை அடைகின்றன. பிறகு வெறுங்காலோடு யாராவது அந்த மண்ணை மிதிக்க வேண்டியதுதான். ரப்பர்த் தோட்டம் ஈரமும் நிழலும் நிறைந்த இடம். பால்வெட்டச் சென்றவர்களின் காலில் செருப்பு இல்லை. குடலுக்குள் போய்ச் சேர்ந்த புழு இரத்தத்தை உறிஞ்ச, சோகை வந்து ஆட்கள் வெளுத்துத் துவண்டார்கள்.

அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறநிறுவனம், சாமுவேல் டார்லிங் என்ற நோயியல் மருத்துவரின் தலைமையில் ஓர் ஆய்வுக் குழுவை 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, ஃபிஜி ஆகிய இடங்களுக்கு அனுப்பிக் கொக்கிப்புழுவையும் மலேரியாவையும் ஆராய்ந்தது. அந்த அறிக்கை 1920இல் வெளிவந்தது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினாலும், மண் அசுத்தமாகவே இருந்தால் அதே ஆளுக்கு மீண்டும் புழு ஏறும். ஆகவே கழிப்பறை தேவை. அதைவிட முக்கியமாக, மக்கள் விரும்பிப் போகக்கூடிய கழிப்பறை தேவை. கட்டி வைத்தும் யாரும் நுழையாத கழிப்பறையால் மண் சுத்தமாகாது.

நூறாண்டுகள் கடந்துவிட்டன. இன்று பள்ளிகளில் பீங்கான் கிண்ணமும் குழாய்த் தண்ணீரும் வந்துவிட்டன. ஆனாலும், கட்டியதைப் பிள்ளைகள் பயன்படுத்துகிறார்களா என்ற கேள்வி மாறவில்லை.

ரப்பர் மரம் கதவாகும்போது

மலிவான தடுப்புகள் பெரும்பாலும் சிப்போர்ட் அல்லது எம்டிஎஃப் பலகையால் ஆனவை. மரத்தைச் சிறு சீவல்களாகவோ இழைகளாகவோ உடைத்து, பசை கலந்து, சூடேற்றி அழுத்தினால் இந்தப் பலகை கிடைக்கும். மேலும் கீழும் மெல்லிய வண்ணத் தாளை ஒட்டிவிட்டால் பார்ப்பதற்குப் பளபளவென்று இருக்கும்.

நம் நாட்டில் இந்தப் பலகைகளுக்கு ரப்பர் மரம் முக்கியமான மூலப்பொருள் என்பது கெடாவாசிகளுக்குச் சுவையான செய்தியாக இருக்கும். 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். ஒரு காலத்தில் அந்த மரம் அடுப்புக்குத்தான் போனது. இப்போது தளவாடமாகவும் பலகையாகவும் மாறுகிறது. பாட்டி பால் வெட்டிய மரம் பேத்தியின் பள்ளிக் கழிப்பறைக் கதவாக வந்து நிற்கலாம்.

வீட்டு அலமாரிக்கு அது நல்ல பலகை. கழிப்பறைக்கு ஏன் ஆகாது? மரத்தின் செல் சுவர்கள் செல்லுலோஸ் என்ற நீண்ட மூலக்கூறுகளால் ஆனவை. அவற்றில் வரிசை வரிசையாக இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் தண்ணீரைக் காந்தம்போல் இழுக்கும். தண்ணீர் இடையில் புகுந்து இழைகளை விலக்குகிறது. மரம் பருக்கிறது.

திண்ணமான மரப்பலகை காய்ந்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். அழுத்திச் செய்த பலகை திரும்பாது. ஆலையில் நசுக்கப்பட்ட சீவல்கள், ஈரம் பட்டதும் தங்கள் பழைய பருமனுக்கு நிமிர்கின்றன. நிமிரும்போது பசையின் பிடி விடுபடுகிறது. இப்பலகைகளில் வழக்கமாகப் பயன்படும் யூரியா ஃபார்மால்டிஹைட் பசையும் ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதைந்துபோகும் வகை. வெப்பம் கூடினால் இது விரைவாக நடக்கும். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மேலே ஒட்டிய வண்ணத் தாள் தண்ணீரை விடாது. ஆனால் அறுத்த ஓரங்களில் தாள் இல்லை. அங்கே ஒட்டியிருப்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டை. அது ஒரு மூலையில் உரிந்தால் போதும். நம் கழிப்பறைகளில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது, வாளி இருக்கிறது, தரை எப்போதும் ஈரமாக இருக்கிறது. காகிதம் மட்டும் பயன்படுத்தும் நாட்டில் பத்தாண்டு நிற்கும் கதவு இங்கே சில ஆண்டுகளில் அடியிலிருந்து உப்பத் தொடங்குவது இதனால்தான்.

நாற்றத்திற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. உப்பிய ஓரம் பஞ்சுபோல் சிறுநீரையும் குடிக்கிறது. சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைத்து அமோனியாவாக்குகின்றன. தரையை எத்தனை முறை கழுவினாலும் பலகைக்குள் இருப்பது கழுவப்படுவதில்லை. துப்புரவுப் பணியாளரைக் குறை சொல்லிப் பயனில்லை.

காகிதத்தால் ஆன "கல்"

இதற்கு மாற்றாகக் குத்தகையாளர்கள் காட்டுவது கம்பேக்ட் லேமினேட் அல்லது ஃபீனாலிக் பலகை. கையில் எடுத்தால் கல்போலக் கனக்கும். ஆனால் அதுவும் மரத்திலிருந்து வந்ததுதான். அதன் எடையில் பாதிக்கு மேல் காகிதம்!

பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த வேதியியலாளர் லியோ பேக்லண்ட், 1907இல் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்துப் பேக்கலைட் என்ற செயற்கைப் பிசினை உருவாக்கினார். ஒருமுறை இறுகிவிட்டால் மீண்டும் உருகாத பிசின் அது. 1912இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓகானர் என்ற இரு பொறியாளர்கள் இத்தகைய பிசினில் தோய்த்த அடுக்குகளை அழுத்தி மின்காப்புப் பொருள் செய்யும் முறையைக் கண்டார்கள். அதுவரை அந்த வேலைக்குப் பயன்பட்டது மைக்கா. மைக்காவுக்குப் பதிலாக வந்ததால் "ஃபார் மைக்கா" என்ற பொருளில் ஃபார்மைக்கா என்று பெயரிட்டார்கள். நம் வீட்டுச் சமையலறை மேசைகளில் ஒட்டியிருக்கும் அதே ஃபார்மைக்கா.

கம்பேக்ட் பலகை அந்தக் குடும்பத்தில் தடித்த உறவு. பழுப்புக் காகிதத் தாள்களைப் பல பத்து அடுக்காக வைத்து, ஃபீனாலிக் பிசின் ஊறிய நிலையில், 120 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 50 மடங்கோ அதற்கு மேலோ உள்ள அழுத்தத்திலும் இறுக்குகிறார்கள். இழைகளுக்கு இடையே தண்ணீர் புகக்கூடிய இடத்தைப் பிசின் ஏற்கெனவே பிடித்துக்கொள்கிறது. ஓரத்தை அறுத்தாலும் உள்ளே அதே பொருள்தான். அதனால் ஓரத்திற்குப் பட்டை ஒட்ட வேண்டியதில்லை. கழிப்பறைக்குப் பயன்படுவது பொதுவாக 12 அல்லது 13 மில்லிமீட்டர் தடிமன்.

குறை இல்லாமல் இல்லை. கீழே போட்டால் மூலை உடையும். அறுப்பதற்கும் துளையிடுவதற்கும் கடினமான கருவிகள் வேண்டும். தவறான இடத்தில் துளையிட்டால் திருத்துவது சிரமம். விலையும் கூடுதல். ஆனால் தினமும் தண்ணீர் அடிக்கும் இடத்தில் அது தாக்குப்பிடிக்கும்.

எஃகு, பிளாஸ்டிக், செங்கல்

துருப்பிடிக்காத எஃகு எல்லாம் ஒன்றல்ல. 304 என்று எண்ணிடப்படும் வகையில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை மேற்பரப்பில் உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. சிறுநீர் உப்பிலும் வெளுப்புத் திரவத்திலும் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவில் துளைக்கும். மலிவான வகைகளில் இது விரைவாக நேரும். காந்தம் ஒட்டவில்லை என்பதால் நல்ல எஃகு என்று நம்பிவிடாதீர்கள். 304ஐவிடத் தரம் குறைந்த 201 வகையிலும் காந்தம் ஒட்டுவதில்லை. வகை எண்ணை எழுத்தில் கேளுங்கள்.

தண்ணீர்ப் பீப்பாய்கள் செய்யப்படும் எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக்கைத் தடித்த பலகையாக வார்த்தும் தடுப்பு செய்கிறார்கள். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் சுமார் 130 பாகையில் உருகிவிடும், தீப்பிடித்தால் எரியும். வாங்குவதாக இருந்தால் தீத்தடுப்புச் சான்று உண்டா என்று பார்ப்பது கட்டாயம்.

புதிது வாங்கும் ஆர்வத்தில் பலர் மறந்துவிடும் வழி ஒன்று உண்டு. பழைய தோட்டப் பள்ளிகளில் கழிப்பறைகளைப் பிரிப்பது செங்கல் சுவராகத்தான் இருக்கும். அந்தச் சுவர் உறுதியாக இருந்தால் இடிக்காதீர்கள். தண்ணீருக்கு அஞ்சாத தடுப்பு அது. ஓடு மாற்றி, கதவை மட்டும் புதிதாகப் போட்டால் செலவு பெரிதும் குறையும். நம் வீடுகளில் பரவலாக இருக்கும் பிவிசி கதவு இதற்கு ஏற்றது. உள்ளே கூடாக இருப்பதால் எடை குறைவு. உதைத்தால் விரிசல் விடும் என்பதும், நேரடி வெயில் பட்டால் நாளடைவில் மஞ்சளித்து நொறுங்கும் என்பதும் அதன் குறைகள். நிழலான பக்கத்துக்கு அதைப் பயன்படுத்தலாம்.

கதவில் ஊஞ்சலாடினால்

பலகை நன்றாக இருந்தும் கதவு தொங்கிவிடுவதுண்டு. அதற்குக் காரணம் கீல். 60 சென்டிமீட்டர் அகலம், 180 சென்டிமீட்டர் உயரம், 12 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கம்பேக்ட் கதவு சுமார் 18 கிலோ எடை இருக்கும். அந்த எடை கதவின் நடுவில், அதாவது கீலிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, செயல்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடைவெளி 150 சென்டிமீட்டர். மேல் கீலைப் பிடுங்கப் பார்க்கும் விசை 18 × 30 ÷ 150 = 3.6 கிலோ எடைக்குச் சமம். திருகாணிகளுக்கு இது பெரிய வேலையே இல்லை.

இப்போது நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், 30 கிலோ எடை, கதவின் வெளி ஓரத்தில் தொங்கி ஊஞ்சலாடுகிறான். கூடுதல் விசை 30 × 60 ÷ 150 = 12 கிலோ. மொத்தம் 15.6. நான்கு மடங்குக்கும் மேல்! ஆடும்போது உண்டாகும் அதிர்ச்சி இன்னும் அதிகம். சிப்போர்டில் முறுக்கிய திருகாணி, ஈரத்தில் இளகிய சீவல்களைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அது கழன்று வரத்தான் செய்யும். கழன்ற துளையில் மீண்டும் முறுக்கினால் நிற்காது.

ஆகவே திருகாணிக்குப் பதிலாகப் பலகையின் இருபுறமும் ஊடுருவிப் பிடிக்கும் போல்ட் கேளுங்கள். ஒரு கதவுக்கு மூன்று கீல்கள் வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஆடாமல் இருப்பார்கள் என்று நம்பித் திட்டமிட வேண்டாம்.

தாழ்ப்பாளும் இடைவெளியும்

ஒரு கழிப்பறையைப் பிள்ளை நம்புமா என்பதைத் தாழ்ப்பாள்தான் தீர்மானிக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் சுமார் 120 சென்டிமீட்டர். பெரியவர்களின் கை உயரத்தில் வைத்த இறுக்கமான தாழ்ப்பாளை அதனால் தள்ள முடியாது. தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் அளவில், திருப்பினால் பூட்டும் குமிழ் நல்லது. உள்ளே ஆள் இருந்தால் வெளியே சிவப்பு, இல்லையென்றால் பச்சை காட்டும் வகை கிடைக்கிறது. கதவைத் தட்டவோ தள்ளிப் பார்க்கவோ தேவை இருக்காது. நாணயத்தால் வெளியிலிருந்து திறக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் பூட்டிக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுவதுண்டு.

கதவு உட்புறம் திறப்பதா, வெளிப்புறமா? உட்புறம் திறந்தால் நடைபாதையில் போகிறவர் மேல் இடிக்காது. ஆனால் உள்ளே ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் அதன் உடலே கதவை அடைத்துவிடும். இடம் இருந்தால் வெளிப்புறம் திறக்க வையுங்கள். இடமில்லை என்றால், வெளியிலிருந்து கதவைத் தூக்கிக் கழற்றிவிடக்கூடிய கீலைத் தேர்ந்தெடுங்கள்.

தடுப்பின் அடியில் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி போதும். தரையைக் கழுவவும், காற்று ஓடவும், பலகையின் ஓரம் தண்ணீரில் நிற்காமல் இருக்கவும் அது உதவும். உள்ளே ஆள் விழுந்து கிடந்தால் தெரியவும் செய்யும். அதற்கு மேல் இடைவெளி விட்டால் கைப்பேசி நுழையும் காலம் இது. இடைநிலைப்பள்ளிகளில் புகைப்பதையும் வேப்பையும் தடுக்க, கதவைக் குட்டையாக்கலாமா, கழற்றிவிடலாமா என்ற யோசனை எழுவதுண்டு. புகைக்கிறவன் வேறு இடம் தேடிக்கொள்வான். மற்ற பிள்ளைகள்தான் கழிப்பறையைக் கைவிடுவார்கள். கண்காணிப்பைக் கழிப்பறை வாசலில் வையுங்கள், அறைக்குள் வேண்டாம்.

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவிகளில் பலர் பூப்பெய்திவிடுகிறார்கள். அவர்களுக்கு அறைக்குள் ஒரு கொக்கியும், சிறு தட்டும், மூடியுள்ள குப்பைத் தொட்டியும் வேண்டும். தொட்டி வெளியே இருந்தால் அவர்கள் அந்த நாள்களில் பள்ளிக்கே வராமல் இருக்க நினைப்பார்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு ஓர் அறையாவது, நாற்காலி முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் வட்ட இடத்தோடு இருக்க வேண்டும். இதற்கான மலேசியத் தர நிர்ணயம் எம்எஸ் 1184.

ஒரு கதவு கெட்டால் என்ன ஆகும்?

மாணவிகள் 25 பேருக்கு ஒரு கழிப்பறை, மாணவர்கள் 50 பேருக்கு ஒரு கழிப்பறையும் சிறுநீர் கழிக்கும் தொட்டி ஒன்றும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் பள்ளிகளுக்குச் சொல்லும் அளவு. 120 மாணவிகள் என்றால் ஐந்து அறைகள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓய்வு நேரம் 20 நிமிடம். மூன்றில் ஒரு பங்கு மாணவிகள், அதாவது 40 பேர், அந்த நேரத்தில் வருகிறார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 80 நிமிடம். ஐந்து அறைகளுக்குப் பகிர்ந்தால் 16 நிமிடத்தில் முடியும். ஒரு கதவின் தாழ்ப்பாள் கெட்டுவிட்டால் 20 நிமிடம். இரண்டு கெட்டால் 27 நிமிடம். கடைசியில் நிற்கும் பிள்ளை சாப்பாட்டையா கழிப்பறையையா, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

150 பேருக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட குறைந்த மாணவர் பள்ளிகளில் நிலைமை இன்னும் இறுக்கம். 30 மாணவிகள், இரண்டு அறைகள். ஒரு கதவு தொங்கினால் பாதிக் கழிப்பறை போயிற்று. சிறிய பள்ளிக்கு மலிவான கதவு போதும் என்று நினைப்பது தவறு. மாற்று அறை இல்லாத இடத்தில்தான் கதவு உறுதியாக இருக்க வேண்டும்.

ஆசிட்டும் குளோரோக்ஸும்

நல்ல தடுப்பையும் தவறான துப்புரவு கெடுத்துவிடும். கறை நீக்க ஊற்றும் ஆசிட்டில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அது எஃகுக் கால்களின் காப்புப் படலத்தைக் குலைக்கும், ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்டையும் அரிக்கும். அலுமினியத்தின் நிலை இன்னும் மோசம். அமிலம், காரம் இரண்டோடும் வினைபுரியும் உலோகம் அது. குளோரோக்ஸ் போன்ற வெளுப்புத் திரவம் காரத்தன்மை உள்ளது. அதனால் தரையைத் தொடும் கால்கள் நைலானால் ஆனவையாகவோ, 304 எஃகால் ஆனவையாகவோ இருப்பது நல்லது. தினசரித் துப்புரவுக்கு மிதமான சோப்பு நீரே போதும்.

ஆசிட்டையும் குளோரோக்ஸையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சிறு அறையில் அது நுரையீரலைத் தாக்கும் நஞ்சு. துப்புரவுப் பணியாளருக்கு இதை அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்லி, சுவரிலும் எழுதி வையுங்கள்.

ஒரு வாளித் தண்ணீர்ச் சோதனை

எந்தப் பலகை நல்லது என்று விற்பவரைக் கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வகையிலும் உள்ளங்கை அளவு துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அறுத்த ஓரம் திறந்திருக்க வேண்டும். அதன் தடிமனை வெர்னியர் அளவியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் 24 மணி நேரம் அமிழ்த்தி வைத்து, எடுத்துத் துடைத்து, மீண்டும் அளந்து பாருங்கள். எவ்வளவு விழுக்காடு பருத்தது என்று கணக்கிடுங்கள். பலகை ஆலைகளின் ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும் தடிமன் வீக்கச் சோதனையும் ஏறக்குறைய இதுதான். ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் அறிவியல் பணியாகவே கொடுக்கலாம். தங்கள் கழிப்பறைக்குத் தாங்களே பலகை தேர்ந்தெடுத்த பிள்ளைகள் அதில் கிறுக்குவதும் குறையும்.

விலையை ஆண்டுக் கணக்கில் பாருங்கள். புரிந்துகொள்வதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: ஒரு தடுப்பு 500 ரிங்கிட், மூன்று ஆண்டு உழைக்கிறது. இன்னொன்று 1,200 ரிங்கிட், பன்னிரண்டு ஆண்டு உழைக்கிறது. பன்னிரண்டு ஆண்டில் முதலாவதை நான்கு முறை வாங்க வேண்டும், 2,000 ரிங்கிட். கழற்றிப் பொருத்தும் கூலி தனி. இரண்டாவதற்கு ஆண்டுக்கு 100 ரிங்கிட்தான். உங்களுக்கு வரும் உண்மையான விலைகளை இதே முறையில் வகுத்துப் பாருங்கள்.

கொட்டேஷன் கையில் வந்ததும் கேட்க வேண்டியவை:

• பலகையின் பொருள் என்ன, தடிமன் எத்தனை மில்லிமீட்டர்? "தண்ணீர் புகாது" என்ற சொல் மட்டும் போதாது.
• அறுத்த ஓரத்தைக் காட்ட முடியுமா?
• கால்கள், கீல்கள், போல்ட்டுகள் எந்த உலோகம்? எஃகு என்றால் வகை எண் என்ன?
• தாழ்ப்பாள் எந்த உயரத்தில் வரும்? வெளியிலிருந்து திறக்க முடியுமா?
• ஐந்தாண்டு கழித்துத் தாழ்ப்பாளும் கீலும் தனியாக வாங்கக் கிடைக்குமா?
• உத்தரவாதம் எத்தனை ஆண்டு? ஈரத்தால் உப்புவதும் அதில் அடங்குமா?

கடைசியாக, புதிய தடுப்பு பொருத்திய நாளிலேயே மாற்றுத் தாழ்ப்பாள் நான்கும், கீல் ஒரு சோடியும், அவற்றுக்குரிய திருகுக் கருவியும் வாங்கி அலுவலகத்தில் வைத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை ஒருவர் ஒவ்வொரு அறைக்குள்ளும் சென்று, கதவைச் சாத்தி, தாழிட்டுத் திறந்து பார்க்கட்டும். கெட்டதை அன்றே மாற்றினால், மறுநாள் காலை எந்தப் பிள்ளையும் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கத் தயங்க வேண்டியிருக்காது.